தடிக்குள் ஒரு வாள்

(சபாவின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் ஸ்தல புராணமோ, சங்கீதமோ, ஆரோக்கியமோ பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது: உள்ளே வாள் ஒளித்துவைத்த கைத்தடி. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் நம்மவர்களின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. பரணை ஒழிக்கும்போது தாத்தா காலத்துச் சாமான்கள் கீழே வருகின்றன. அவற்றில் சில கைத்தடிகளும் உண்டு. அப்படி வரும் தடிகளில் ஒன்று, பிடியைத் திருகி இழுத்தால், உங்களைத் திடுக்கிட வைக்கலாம். அதை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வட இந்தியாவில் இதற்குக் குப்தி என்று பெயர். மறைத்தல், காத்தல் என்னும் பொருள் கொண்ட ஸம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் மலையாளப் பத்திரிகைகளில் அடிதடிச் செய்தி வரும்போதெல்லாம் "வடிவாள்" என்ற சொல்லைப் பார்க்கிறோம். வடி என்றால் தடி. தடியும் வாளும் சேர்ந்த சொல். இன்று எந்த நீண்ட கத்தியையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தடியையும் வாளையும் ஒன்றாக்கிய அந்தப் பொருளின் ஞாபகம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இதன் அமைப்பு எளிது. பிரம்பையோ மரத்தையோ நீளவாக்கில் குடைந்து குழலாக்குவார்கள். அதுவே உறை. கைப்பிடியோடு சேர்த்து மெல்லிய அலகைப் பொருத்தி உள்ளே செருகுவார்கள். இணைப்பு தெரியாமலிருக்க அந்த இடத்தில் வெள்ளியிலோ பித்தளையிலோ ஒரு வளையம் போடுவார்கள். சிலவற்றில் அழுத்தமாகச் செருகினால் போதும், பிடித்து நிற்கும். சிலவற்றில் திருகு மரை இருக்கும். சிலவற்றில் சிறு பொத்தானை அழுத்தினால் விடுபடும். தடி பருமனாக இருக்க முடியாது என்பதால் அலகும் ஒடுக்கமாகத்தான் இருக்கும். ஆகவே பெரும்பாலும் அது வெட்டுவதற்கு ஆனதல்ல, குத்துவதற்கு ஆனது. முக்கோணமாகவோ சதுரமாகவோ உள்ள அலகுகள் அதிகம்.

இது ஏன் வந்தது என்பதற்கு உலகத்தின் இரண்டு கோடிகளில் ஒரே மாதிரியான பதில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் கனவான்கள் இடுப்பில் வாள் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் பழக்கம் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்தது. அந்த இடத்தைக் கைத்தடி பிடித்தது. வாளை விட மனமில்லாதவர்கள் அதைத் தடிக்குள் வைத்துக்கொண்டார்கள். மலாய் நாட்டுப் பிரம்புக்கு அங்கே ஏக கிராக்கி. ஜப்பானில் 1876-ல் பொது இடத்தில் வாள் தரிக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. அங்கே தடிவாளுக்கு ஷிகோமிஸூஎ என்று பெயர். குருட்டு வாள்வீரன் ஜாட்டோய்ச்சி சினிமாக்களைப் பார்த்தவர்களுக்கு அது பரிச்சயம். வெளியில் வாள் கூடாது என்றதும், அது தடிக்குள் புகுந்துகொண்டது.

நம் தேசத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மடாதிபதிகளும் ஜபம் செய்யும் பெரியவர்களும் கையை ஊன்றிக்கொள்ளும் யோக தண்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற குட்டையான ஊன்றுகோலை முஸ்லிம் பக்கிரிகளும் வைத்திருந்தார்கள். மொகலாயர் காலத்தில் அதற்குள்ளும் கத்தி புகுந்தது. அரசர்களும் பிரபுக்களும் திவானில் அமர்ந்திருக்கும்போது கைக்கு அண்டக்கொடுக்கும் இத்தகைய கோலுக்கு ஜஃபர் தகியா, அதாவது வெற்றித் தலையணை, என்று பெயர். 1880-ல் எகர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்திய ஆயுதங்களைப் பற்றி எழுதிய நூலில் குப்தியும் இடம்பெற்றிருக்கிறது.

என் தாத்தாவிடமும் ஒரு குப்தி இருந்தது. திருவிதாங்கூர் சர்க்கார் ரெவின்யூ உத்தியோகத்தில் தாலுக்கா தாலுக்காவாகச் சுற்றியவர். வில்வண்டியில் இரவுப் பயணம் போகும்போது துணைக்கு என்று வாங்கினாராம். அதை உருவ வேண்டிய சந்தர்ப்பம் ஒரு நாளும் வரவில்லை. நம் ஊர் மழையும் ஈரமும் தெரிந்ததுதானே! நான் சிறுவனாகப் பார்த்தபோது அலகு துருவேறி உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் வராது. தாத்தாவுக்கு எண்பது தாண்டி உண்மையிலேயே ஊன்றி நடக்க வேண்டிய காலம் வந்தபோது அது பிரயோஜனப்படவில்லை. குடைந்த பிரம்பு பாரம் தாங்காமல் வளையத்தருகே விரிந்துவிட்டது. பாட்டி ஆசாரியைக் கூப்பிட்டுக் கெட்டியான மரத்தில் ஒரு சாதாரணத் தடி செய்யச் சொன்னாள். கடைசி வரை தாத்தா அதைத்தான் ஊன்றினார். குடைந்த தடிகளுக்கெல்லாம் இந்த பலவீனம் உண்டு.

இனி நம் சாஸ்திரம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எனக்கே வியப்பளித்த பகுதி இது. மனு ஸ்மிருதியின் ஏழாவது அத்தியாயம் ராஜதர்மம். அதில் 90-வது சுலோகம், போரில் எதிரியைக் கூட ஆயுதத்தால் கொல்லக்கூடாது என்கிறது. முள் வைத்த அம்பு, விஷம் தோய்த்த அம்பு, தீயில் காய்ச்சிய அம்பு இவற்றையும் அதோடு சேர்த்து விலக்குகிறது. கூட ஆயுதம் என்றால் என்ன? உரையாசிரியர் குல்லூக பட்டர் விளக்குகிறார்: வெளியே மரத்தாலானது, உள்ளே கூரிய ஆயுதம் மறைத்து வைக்கப்பட்டது. குப்தியைப் பார்த்து எழுதியது போலவே இல்லையா? சத்ருவை நேருக்கு நேர் கொல்லலாம் என்று அனுமதிக்கும் அதே இடத்தில், தடி போலக் காட்டி வாளால் கொல்லாதே என்கிறது.

ஆனால் ராஜ்ய நிர்வாகம் தர்மத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை. கௌடில்யர் அது அறிந்தவர். அர்த்தசாஸ்திரம் முதல் அதிகரணத்தில், அந்தப்புரத்தில் அரசன் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது முன்பு நடந்தவற்றை வரிசையாக எடுத்துக் காட்டுகிறார். விதூரதன் என்ற அரசனை அவன் ராணியே பின்னலுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு போய்க் கொன்றாள் என்பது அதில் ஒன்று. ஆகவே நம்பிக்கையான வயதான ஸ்திரீகள் சோதித்த பிறகே அரசன் ராணியைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி கோவிலில் 2011-ல் நிலவறைகள் திறக்கப்பட்ட பிறகு நம்மையெல்லாம் சோதித்து உள்ளே விடுகிறார்களே, அதன் மூல சூத்திரம் இதுதான்.

இந்த அர்த்தசாஸ்திரத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மைசூரில் ஷாம சாஸ்திரி 1909-ல் முதலில் அச்சேற்றினார். பின்னர் திருவனந்தபுரம் ஸம்ஸ்கிருத கிரந்த வரிசையில், தம்முடைய ஸ்ரீமூலம் என்ற வியாக்கியானத்தோடு, 1924, 1925 வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளியிட்டவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரிகள். திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவையிலிருந்து இங்கு வந்தவர். பாஸனின் நாடகங்களை உலகுக்குத் தந்ததும் அவரே.

தமிழில் மறைந்த கத்தி என்றால் மெய்ப்பொருள் நாயனார் சரித்திரம்தான் நினைவுக்கு வரும். திருக்கோவலூர் அரசரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், விபூதி தரித்துச் சிவனடியார் வேஷத்தில் வருகிறான். ஆகமம் சொல்லித் தருகிறேன் என்று கையில் சுவடிக்கட்டு. அதற்குள் கத்தி. குத்துண்ட பிறகும் அந்த வேஷத்துக்கு மரியாதை தந்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லையில் விட்டுவரும்படி மெய்க்காவலன் தத்தனிடம் சொல்கிறார் நாயனார். நாயனாரின் பெருமையைச் சொல்லும் கதை இது. கூடவே, அந்தக் கத்தி ஏன் பலித்தது என்பதையும் கவனியுங்கள். கூர்மையால் அல்ல, சுவடியைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால். கைத்தடியும் அப்படித்தான். தடி ஊன்றி வரும் முதியவருக்கு நாம் எழுந்து இடம் கொடுக்கிறோம், கதவைத் திறந்துவிடுகிறோம்.

புராணம், சரித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் நகரத்திலேயே நடந்தது ஒன்று உண்டு. 1947 ஜூலை 25. தைக்காட்டில் ஸ்வாதி திருநாள் சங்கீத அகாடமியில் விழா. திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்திருந்த திவான் ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் கச்சேரி கேட்டுவிட்டுப் புறப்படும்போது, அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி என்ற இளைஞர், உடைக்குள் மறைத்து வந்த வெட்டுக்கத்தியால் தாக்கினார். மணி கேரள சோஷலிஸ்ட் கட்சிக்காரர். ஸி.பி. முகத்தில் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார். சில தினங்களிலேயே இந்திய யூனியனில் சேர மகாராஜா சம்மதித்தார், ஆகஸ்டில் ஸி.பி. பதவி விலகினார். அந்த வெட்டால் எவ்வளவு, மற்ற காரணங்களால் எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மணியை வீரர் என்பவர்கள் உண்டு; ஸி.பி.யின் சாதனைகளைப் போற்றுபவர்கள் நம்மிடையே நிறைய. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. சங்கீத சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சங்கீதம் கேட்க வந்தவர்தான் என்ற நம்பிக்கை அன்று அறுபட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-ல் வந்த விதிகளிலும், அதற்குப் பதிலாக வந்த 2016 விதிகளிலும், வாள் வகைகளைச் சொல்லும்போது தடிவாளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைவாசம் வரை போகலாம். பிரிட்டனில் 1988 முதலே இதைச் செய்யவும் விற்கவும் தடை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு. அலங்காரச் சாமான் என்ற சாக்கு எடுபடாது.

ஆகவே பரணிலிருந்து அப்படி ஒன்று இறங்கினால் நாலு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பலவந்தமாக இழுக்காதீர்கள். துருப்பிடித்த அலகு திடீரென்று விடுபட்டால் கையைக் கிழிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டாவது, வக்கீலைக் கலந்துகொண்டு, எழுத்து மூலம் போலீஸ் ஸ்டேஷனிலோ கலெக்டர் ஆபீஸிலோ தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருக்கும் பேரன் ஆசைப்படுகிறான் என்று பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாலாவது, பிடி தந்தமா என்று பாருங்கள். திருவனந்தபுரம் தந்தவேலைக்குப் பெயர் போன ஊர். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கே இங்கிருந்து தந்த சிம்மாசனம் போயிற்று. ஆனால் வனவிலங்குச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் வந்த திருத்தங்களுக்குப் பின் தந்த வியாபாரம் அறவே நின்றுவிட்டது. விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வைத்திருப்பதற்கே சான்று வேண்டும், வனத்துறையைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். பழைய திருவிதாங்கூரில் அஞ்சல் ஓட்டக்காரர் தபால் பையோடு ஓடும்போது, மணி கட்டிய கோல் ஒன்று வைத்திருப்பார். சத்தம் கேட்டு ஜனங்கள் வழிவிடுவார்கள். இன்னார் வருகிறார் என்று சொல்லிக்கொண்டே வரும் கோல் அது. நம் பிள்ளைகளுக்கு உபநயனத்தின்போது பலாச தண்டம் கொடுக்கிறோம். நாலு நாளில் அதை எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடுகிறது. அந்தத் தண்டம் எப்படி இருக்க வேண்டும் என்று மனு இரண்டாவது அத்தியாயத்தில் லக்ஷணம் சொல்கிறார்: நேராக இருக்க வேண்டும், பழுது இருக்கக் கூடாது, பட்டையோடு இருக்க வேண்டும், பார்க்கச் சாந்தமாக இருக்க வேண்டும், ஜனங்களுக்கு பயத்தை உண்டாக்கக் கூடாது. அடுத்த உபநயனத்தில் வடுவின் கையில் தண்டத்தைக் கொடுக்கும்போது, இந்த அர்த்தத்தையும் தமிழில் ஒரு நிமிஷம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு வயதுப் பையனுக்கும் அது புரியும்.