தெரிவு எனும் உரிமை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



காலையில் எப்போது எழுவது, எந்தச் சட்டையை அணிவது, மாலையில் யாரோடு உலவச் செல்வது என்பன எளிய வினாக்கள். பெரும்பாலோர் இவற்றை வினாக்களாகவே கருதுவதில்லை. ஆனால், வாழ்நாள் முழுவதும் இவற்றுக்குப் பிறரே விடை கூறக் கேட்டிருந்தோர் உளர். அறிவுத்திறன் குறைபாடுடைய வயதுவந்தோரே அவர்கள். அவர்களுடைய தெரிவுரிமை இங்கிலாந்தில் வளர்ந்த வரலாறு, சொல்லைப் போற்றும் இவ்வவைக்கு ஏற்ற பொருளாகும்.

அவ்வரலாறு ஒரு சொல்லிலேயே தொடங்குகிறது. 1913ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களை 'இடியட்', 'இம்பிசைல்' என வகைப்படுத்தியது. சட்டத்தின் கலைச்சொற்கள் தெருவின் வசைச்சொற்களாயின. பெயர் சூட்டியவர்களே இடத்தையும் வகுத்தனர். ஊருக்கு வெளியே பெரிய விடுதிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நோயாளிகள் கொடுமைக்கு ஆளானதை 1969இல் வெளிவந்த விசாரணை அறிக்கை உலகறியச் செய்தது. 1971இல் அரசு, பெருவிடுதிகளைக் குறைத்து ஊர்நடுவே வாழ்விடம் அமைக்கும் கொள்கையை அறிவித்தது.

சுவர் இடிந்தது; ஆயினும் தெரிவு உடனே வந்துவிடவில்லை. சிறிய இல்லத்திலும் உணவு நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் பணியாளரின் முறைப்பட்டியலே முடிவு செய்தது. இந்நிலையில்தான் 1996இன் நேரடிப் பணம் வழங்கும் சட்டம் பிறந்தது. சேவையைத் தானே வாங்கித் தருவதற்கு மாறாக, அதற்குரிய தொகையை உரியவர் கையிலேயே உள்ளாட்சி மன்றம் வழங்கலாம் என்றது அச்சட்டம். தமக்கு உதவ வேண்டியவரை அவரே அமர்த்திக்கொள்ளலாம். ஆனால், பணத்தை நிருவகிக்க வல்லவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை, அறிவுத்திறன் குறைபாடுடையோர் பலரை வாயிலிலேயே நிறுத்தியது.

அவ்வாயிலைத் திறக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. 2001இல் வெளியான அரசின் வெள்ளையறிக்கை உரிமை, தற்சார்பு, தெரிவு, சமூகத்தில் இணைதல் என நான்கு நெறிகளை வகுத்தது. 2003இல் தொடங்கிய 'இன் கன்ட்ரோல்' இயக்கம், ஒருவருக்குரிய தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடும் முறையைச் சோதித்துப் பார்த்தது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், தனிநபர் நிதி ஒதுக்கீட்டைப் பராமரிப்புத் திட்டத்தின் பகுதியாக்கியது.

தெரிவு என்றவுடன் அச்சம் எழுவது இயல்பு. 'தவறாகத் தேர்ந்துவிட்டால்?' என்று தாய் கேட்கிறாள். அவ்வச்சம் அன்பிலிருந்து பிறப்பது, எள்ளத் தக்கதன்று. அதற்கு 2005இன் மனத்திறன் சட்டம் விடை கூறுகிறது: அறிவுடைமையற்ற முடிவை எடுத்தார் என்பதனாலேயே ஒருவரை முடிவெடுக்கும் திறனற்றவர் எனக் கொள்ளலாகாது. மேலும், இயன்ற உதவிகள் அனைத்தும் அளித்துப் பயனில்லாதபோதே அவரைத் திறனற்றவராகக் கருதலாம். தவறிழைக்கும் உரிமையின்றி வளர்ந்தவர் எவர்? பிறர் காவலில் மட்டும் பாதுகாப்பு உண்டு என்பதும் மெய்யன்று. பிரிஸ்டல் அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்த வன்கொடுமையை 2011இல் பிபிசி தொலைக்காட்சி மறைகாணிவழிப் படம்பிடித்துக் காட்டியது. கேட்பாரற்ற இடமே ஆபத்தான இடம்.

எனினும், நிதி குறையும்போது தெரிவும் சுருங்குகிறது. கையில் தொகை இருந்தும் அமர்த்துவதற்கு ஆள் கிடைக்காவிடில், உரிமை ஏட்டளவே. பணத்தை ஒப்படைத்ததோடு கடமை தீர்ந்தது என மன்றங்கள் ஒதுங்குமானால், அது விடுதலையன்று, கைவிடலே.

இங்கே சொல்லுக்குரிய பணி மீண்டும் வருகிறது. குறுவாக்கியமும் படமும் கொண்ட 'எளிய வாசிப்பு' ஏடுகள் அந்நாட்டில் வழக்கில் உள்ளன. ஒரு பக்கத்துக்கு ஓரிரு கருத்து. கடினச் சொல் வந்தால் உடனே விளக்கம். எளிமை இங்கே நடையழகன்று. ஒருவர் தம் வாழ்வைத் தாமே தெரிவதற்கான திறவுகோல். மாற்றுத்திறனாளர் உரிமைக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தெரியும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு உரைக்கிறது. அப்பிரிவை, அதற்குரியவர் தாமே படித்துணரும் தமிழில் எழுதித் தருவது கவிஞர்க்கு ஏற்ற பணி. எளிய சொல்லின் ஆற்றலை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?