ஓய்வு பெற்ற பின்னும் ஓயாத ஆசிரியர்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை ஆலயத்தில் கண்டால், "ஐயா, இப்பொழுதெல்லாம் பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்பது வழக்கம். "காலையில் கோயில், பகலில் நாளிதழ், மாலையில் பேரப்பிள்ளைகள்; ஏதோ போகிறது" என்று அவர் புன்னகையுடன் விடையிறுப்பார். அவ்விடையில் மனநிறைவு உண்டு. கூர்ந்து கேட்டால் ஒரு சிறு வருத்தமும் அதில் ஒலிக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பேசிய வாய், இன்று கேட்பாரின்றி அடங்கியிருக்கிறது என்பதே அவ்வருத்தம்.

அத்தகைய பெரியோர்க்கு ஊக்கமும், அவர்தம் பிள்ளைகளுக்கு ஒரு நினைவூட்டலும் தரவல்ல வாழ்க்கை ஒன்று தமிழுலகில் உண்டு. மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையரின் ஓய்வுக்கால வாழ்க்கையே அது. 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஏட்டுச் சுவடிகளிலிருந்து தமிழை மீட்டுத் தந்த பதிப்பாசிரியராக அவரை அனைவரும் அறிவர். அவை பணியில் இருந்த காலத்துச் செயல்கள். பணி முடிந்த பின் அவர் வாழ்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கவை.

திருவல்லிக்கேணி இல்லம்

1855-ஆம் ஆண்டு பிறந்த ஐயரவர்கள், 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919-இல் தமது அறுபத்து நான்காம் வயதில் ஓய்வு பெற்றார். ஏறத்தாழ முப்பத்தொன்பது ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொன்னவர், இனிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் குறை கூறுவார் எவருமிலர்.

அவரோ ஓய்ந்து அமரவில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். 1924-இல் பெருங்கதையும், 1930-இல் தக்கயாகப் பரணியும் அவர் பதிப்பாக வெளிவந்தன. 1937-இல் குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் 'தியாகராச விலாசம்'. கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவிக்கு ஐயரவர்களைப் பரிந்துரைத்து விலகிய தியாகராச செட்டியாரின் பெயரை அது தாங்கியிருந்தது. நன்றி மறவாமை அவ்வீட்டின் வாசலிலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம். உள்ளே சுவடிகளும் நூல்களும் அடுக்கடுக்காக இருந்தன. தமக்கு வந்த கடிதங்களையும் அவர் எறிந்துவிடாமல் சேர்த்து வைத்தார்.

கதை சொல்லும் தாத்தா

தமிழ் மக்கள் அவரைத் 'தமிழ்த் தாத்தா' என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம்! தாத்தாவின் தொழில் கதை சொல்லுதல் அன்றோ? முதுமையில் அவர் தாம் கண்டவற்றையும் பெரியோரிடம் கேட்டவற்றையும் சிறுசிறு கட்டுரைகளாக இதழ்களில் எழுதலானார். அவை 'கண்டதும் கேட்டதும்', 'பழையதும் புதியதும்', 'நல்லுரைக் கோவை', 'நினைவு மஞ்சரி' என்னும் நூல்களாயின. அரசரும் ஆதீனத் தலைவரும் மட்டும் அவற்றில் இடம்பெறவில்லை. ஊர்க் கிழவியும், வண்டிக்காரரும், ஆடு மேய்ப்பவரும் அவர் கதைகளில் மதிப்புடன் நடமாடுகின்றனர்.

தாம் பிறந்த உத்தமதானபுரத்துக்குப் பெயர் வந்த கதையை அவர் சொல்லும் பாங்கைக் காண்க. தஞ்சை அரசர் ஒருவர் பரிவாரத்துடன் பயணம் செய்து வருகையில் ஓரிடத்தில் தங்கினார். உணவு முடிந்ததும் வழக்கம்போல் தாம்பூலம் தரித்துக்கொண்டார். அதன் பின்னரே அன்று ஏகாதசி என்பது நினைவுக்கு வந்தது. ஏகாதசியன்று ஒரு வேளை மட்டும் உண்டு, தாம்பூலம் தரியாமல் இருப்பது அவரது விரதம். மனம் வருந்திய அரசர், பரிகாரம் யாதெனப் பெரியோரை வினவினார். புதிதாக வீடுகள் கட்டி, கிணறு வெட்டி, அந்தணர்க்குத் தானம் செய்யலாம் என்றனர். அவ்விடத்திலேயே நாற்பத்தெட்டு வீடுகளும், இரு வீட்டிற்கு ஒன்றாக இருபத்து நான்கு கிணறுகளும் அமைந்தன. உத்தமமான தானமாக அளிக்கப்பெற்ற ஊர் உத்தமதானபுரமாயிற்று. ஒரு வெற்றிலைச் சுருளில் பிறந்த ஊர்! இதனை ஐயரவர்கள் தம் ஊர்ப் பெரியோர் சொல்லக் கேட்டார். அவர் எழுதி வைத்திராவிடில் அம்முதியவர்களோடு இக்கதையும் மறைந்திருக்கும்.

'இடையன் எறிந்த மரம்' என்னும் மற்றொரு கட்டுரையும் நினைவுகூரத்தக்கது. பழமொழி நூலின் சுவடியில் வந்த அத்தொடருக்குப் பொருள் விளங்காமல் அவர் தவித்தார். நூல்களும் உதவவில்லை. பின்னொரு நாள் ஆடு மேய்ப்பவர் ஒருவரிடமிருந்து விளக்கம் கிடைத்தது. எறிதல் என்றால் வெட்டுதல் என்பது பழந்தமிழ்ப் பொருள். இடையர் கிளையை முழுதும் அறுபடும்படி வெட்டுவதில்லை. ஆடுகளின் வாய்க்கு எட்டுமாறு கிளை தாழ்ந்து தொங்கும் அளவுக்கே வெட்டுவர். ஆடுகளும் தழை தின்னும். கிளையும் மரத்தோடு ஒட்டி உயிர்த்திருக்கும். 'இடையன் வெட்டு அறாவெட்டு' என்று ஊர் மக்கள் சொல்வதும் இதுவே. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆடு மேய்ப்பவரிடம் பாடம் கேட்டதை மறைக்காமல் எழுதினாரே, அதுவே அவர் பெருமை.

அன்பர்களே, ஓய்வு பெற்ற ஆசிரியரும் அத்தகைய கிளை போன்றவரே. பதவியிலிருந்து வெட்டப்பட்டாலும் மரத்திலிருந்து அறுபட்டவரல்லர். முன்னர் உயரத்தில் இருந்தவர் இப்பொழுது சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் எட்டும் அளவில் தாழ்ந்து நிற்கிறார். தழை இருக்கிறது. உண்ண வருவோர்தாம் வேண்டும்.

விட்டுப்போன இசை

பொழுதுபோக்கு என்று இன்று நாம் சொல்வது ஐயரவர்களுக்கு இசையாக இருந்தது. அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். அருணாசலக் கவிராயரின் இராமாயணக் கீர்த்தனைகளைப் பாடிப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். மகனும் இசையில் சிறக்கவேண்டும் என்பது அவர் ஆசை. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மாயூரம் சென்றபோது, அங்கே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்பும் ஐயரவர்களுக்குக் கிட்டியது. ஆயினும் இசையில் மனம் சென்றால் இலக்கணப் பயிற்சி குன்றும் என்பது பிள்ளையவர்களின் கருத்து. ஆசிரியர் உள்ளம் அறிந்த மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பதினாறு வயதில் விட்டது எண்பது வயதில் வேறு உருவில் திரும்பி வந்தது. 1930-களில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளை அவர் எழுதினார். கனம் கிருஷ்ணையர் அவர் தந்தையாருக்கு இசை கற்பித்தவர். பாட முடியாமற்போன பாடலை, பாடியவர்களின் வரலாறாக எழுதி அவர் நிறைவு செய்துகொண்டார். தந்தைக்குச் செலுத்திய கடனாகவும் அதனைக் கொள்ளலாம்.

ஆசிரியருக்குச் செலுத்திய கடன் அதனினும் பெரிது. வீட்டில் வேங்கடராமன் என்றிருந்த பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று வழங்கச் செய்தவர் பிள்ளையவர்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உடனிருந்து கற்ற பின், 1876-இல் அவர் மறைந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1933-லும் 1934-லும், அவ்வாசிரியரின் வரலாறு இரு பாகங்களாக வெளிவந்தது. எழுதிய மாணவருக்கு எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது!

சொல்லி முடியாத கதை

1940 ஜனவரியில், எண்பத்தைந்தாம் வயதை எட்டும் தறுவாயில், அவர் 'என் சரித்திரம்' என்னும் தன்வரலாற்றை ஆனந்த விகடனில் தொடங்கினார். மாணவர் கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். இளமையில் பிள்ளையவர்கள் செய்யுளைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் சாமிநாதர். முதுமையில் அவருக்குத் துணைநின்றதும் மாணவரின் கையே. இவ்வாறு கைமாறிக் கைமாறி வருவதே நம் மரபு.

இந்நிலையில் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சென்னையிலும் குண்டு விழும் என்னும் அச்சம் பரவ, மக்கள் நகரை விட்டு வெளியேறினர். ஐயரவர்களும் குடும்பத்துடன் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். வேதகிரீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்தலத்திலேயே 1942 ஏப்ரல் 28-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 'என் சரித்திரம்' நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்களோடு நின்றது. அது மணிமேகலை வெளிவந்த காலத்தைத்தான் எட்டியிருந்தது. எஞ்சிய நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கையை அவர் வாயால் கேட்கும் பேறு தமிழுலகிற்குக் கிட்டவில்லை.

குடும்பத்தார் தம் கடமையைச் செய்தனர். மகன் கலியாணசுந்தரையர் 1950-இல் அதனை நூலாக வெளியிட்டார். சேர்த்து வைத்த சுவடிகளும் நூல்களும் 1943-இல் அவர் பெயரால் அமைந்த நூலகத்தைச் சென்றடைந்தன. தந்தையின் தாள்களைப் பழைய குப்பை என்று எண்ணாத பிள்ளை அமைவதும் ஒரு பேறே.

நம் நாட்டுக் கதைகள்

அவரைச் சென்னையினின்று பெயர்த்த அதே போர், மலாயாத் தோட்டங்களிலும் புகுந்தது. சயாம் மரண இரயில் பாதைக்கு நம்மவர் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்குள் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டனர். மீண்டு வந்தவர்களுள் பலர் வாய் திறந்து எதையும் சொல்லாமலே மறைந்தனர். சொன்னவர் சிலர், எழுதிவைத்தவர் மிகச் சிலர். லயத்து வீடுகளில் கேட்ட அக்கதைகளைக் கேட்டவர்களும் இன்று முதியோராகிவிட்டனர்.

தோட்டங்கள் பல இன்று இல்லை. அங்கிருந்த மக்கள் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிவிட்டனர். எந்த மரத்தடியில் முதலில் சூலம் நட்டு வழிபட்டனர், தமிழ்ப்பள்ளிக்குப் பலகை கொடுத்தவர் யார், ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாத தாய்மார்க்கு எழுதிக்கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் எந்த அரசாங்கக் கோப்பிலும் கிடைக்கமாட்டா. அவற்றை அறிந்தோருள் முதல்வர் தோட்டப் பள்ளி ஆசிரியர். பல தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரும், மாலையில் நாளிதழைப் படித்துக் காட்டியவரும், திருவிழாக் கணக்கை எழுதியவரும் அவரே.

எனவே ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நூல் எழுதவேண்டும் என்று மலைக்க வேண்டா. நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும். பிறந்த தோட்டத்தின் பெயர் வந்த கதையிலிருந்து தொடங்கலாம். ஐயரவர்களும் தம் ஊரிலிருந்தே தொடங்கினார். பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம். தாத்தா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கையிலிருக்கும் கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதவர் அதற்காகவேனும் கற்றுக்கொள்ளுங்கள். ஆலய நிருவாகத்தினர் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் அரைமணி நேரம் முதியோர் கதை சொல்லவும் சிறுவர் கேட்கவும் மண்டபத்தில் ஒரு பாய் விரித்துத் தந்தால், அதுவும் ஒரு திருப்பணியே.

எண்பத்தேழு வயது வரை சொல்லிக்கொண்டே இருந்தவரின் கதையே முடியாமல் நின்றது. நம் பெரியோர் பலர் இன்னும் தொடங்கவே இல்லை. கிளை தாழ்ந்து தொங்கும்போதே தழையைப் பறித்துக்கொள்ள வேண்டும். இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, "உங்கள் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். அக்கேள்வி ஒன்றே அவர்கள் ஓய்வுக்கு ஒளியூட்டும்.

அனைவர் இல்லங்களிலும் இறையருள் நிறைவதாக.