உறங்கிய வண்டியை எழுப்புதல்

நம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் வழங்குகின்றோம். ஞாயிறு எழும் பக்கத்தில் வீடும், படும் பக்கத்தில் தொழிலும் உடையவர் நம்முள் பலர். முன்னாளில் இவர்கள் தோணியையும் பாதையையும் நம்பியிருந்தனர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், மோட்டார் வண்டி உடையவர்க்கு அக்கரை அயலாகிவிட்டது. அவ்வாறு நாள்தோறும் பாலங் கடந்து பாடசாலைக்குச் சென்றுவந்த ஆசிரியருள் நானும் ஒருவன்.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாட்டுக்கு நேர்ந்த எரிபொருள் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு யூன் இறுதியில் சாதாரண பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாயிற்று. விலை கொடுக்க முடிந்தவர்க்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வரிசையில் இரவு பகலாகக் காத்திருக்க மாட்டாதவர்கள் வண்டியை வீட்டில் நிறுத்தித் துணியால் மூடினர். நானும் மூடினேன், துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். ஐந்து மாதங்கள் என் கார் அசையவில்லை.

பின்னர் கியூஆர் முறையால் வாரந்தோறும் பெற்றோல் கிடைக்கலாயிற்று. என் தாயாரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு காலை நேரம் தாயாரை முன்னாசனத்தில் அமர்த்தி, இயக்கும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு ஒன்றும் எரியவில்லை; ஓசையும் எழவில்லை. அன்று முச்சக்கர வண்டியிலேயே சென்றோம்.

என்னுடையது ஹைபிரிட் வண்டி. பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டரும் கூடி இழுப்பது. பார்க்க வந்த திருத்துநர் ஒருவர் பொனற்றைத் திறந்தார், மூடினார். “ஐயா, பெரிய பற்றரி செத்துப்போய்விட்டது. புதிதாகத்தான் போட வேண்டும்” என்றார். அவர் கூறிய தொகை என் பல மாதச் சம்பளத்தை விழுங்கவல்லது. வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்செழுந்தது. வாங்குவதற்கு ஒருவர் வந்தும் பார்த்தார். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகையால், கைவிட்டுப் போனால் இன்னொன்று வாங்குவது என் போன்றோர்க்கு ஆகாத காரியம்.

விற்பனை முடிவதற்கு முன், என்னிடம் முன்னாளில் படித்த மாணவர் ஒருவர் வந்தார். மின்வேலை செய்பவர். கையில் ஒரு பல்மானி கொண்டுவந்திருந்தார். சிறிய பற்றரியின் இரு முனைகளிலும் அதனை வைத்தார். பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டிய முள் நான்கில் நின்றது. “சேர், பெரிய பற்றரியை ஒருவரும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. இந்தச் சின்னது விழித்தால்தானே அதைக் கேட்கலாம்?” என்றார். மறுநாள் சிறிய பற்றரியை மாற்றினோம். வண்டி எழுந்தது. ஒரு சிறு பொருளின் சோர்வைப் பெரும் பொருளின் சாவென்று எண்ணி, ஒரு குடும்பத்தின் வண்டியை இழக்கவிருந்தோம். அன்று கற்றதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஹைபிரிட் வண்டிக்குப் பற்றரிகள் இரண்டு உண்டு. ஒன்று, எல்லா வண்டிகளிலும் இருப்பது போன்ற 12 வோல்ற்றுப் பற்றரி. மற்றையது சில்லுகளைச் சுழற்றும் பெரிய பற்றரி. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் காராகும். அதன் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் 28 பகுதிகள் தொடுக்கப்பட்டு 201.6 வோல்ற்றுப் பெரிய பற்றரி அமைந்தது. நம் வீதிகளில் மிகுதியாகக் காணும் அக்குவாவில் அவ்வாறே 20 பகுதிகள் சேர்ந்து 144 வோல்ற்று உண்டாகின்றது.

பாடசாலைப் பெருமண்டபம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே ஆயிரம் பேர் அமரலாம். ஆனால் கதவின் திறப்பு வாயிற்காவலரிடம் இருக்கின்றது. காவலர் உறங்கினால் மண்டபம் இருந்தும் பயனில்லை. சிறிய பற்றரியே அந்தக் காவலர். பெரிய பற்றரியின் மின்சாரம் எந்நேரமும் வெளியே ஓடாதவாறு, அது பாதுகாப்பு ஆளிகளால் துண்டிக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும், சிறிய பற்றரியின் வலுவால் வண்டியின் கணினிகள் விழித்து, அந்த ஆளிகளை மூடி, பெரிய பற்றரியை வேலைக்கு அழைக்கின்றன. வண்டி நிற்கும்போதும் திருட்டுத் தடுப்புக் கருவி, தொலைத் திறப்பை எதிர்நோக்கும் கருவி, மணிக்கூடு முதலியன சிறிய பற்றரியைச் சொட்டுச் சொட்டாக அருந்திக்கொண்டிருக்கும். சில வாரங்களில் அது வற்றிப்போவது இயல்பே. எனவே முழு இருள் என்றால், முதலில் ஐயுற வேண்டியது சிறியதை.

இனி, நெடுநாள் நின்ற வண்டியை எழுப்பும் முறையைப் படிப்படியாகக் கூறுகின்றேன்.

முதலாவது, கண்ணால் பாருங்கள். பொனற்றைத் திறந்து, எலி வயரைக் கடித்துள்ளதா, இலை சருகு சேர்ந்துள்ளதா, நீரோ ஒயிலோ ஒழுகியுள்ளதா என்று நோக்குங்கள். பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பல வண்டிகளில் பின்னாசனத்தருகே உள்ள ஒரு துவாரத்தின் வழியாகவே நுழைகின்றது. என் வண்டியில் அவ்வாயிலை ஓர் எலி பஞ்சும் கடதாசியும் கொண்டு அடைத்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால், நலமாயிருந்த பெரிய பற்றரி வெப்பத்தால் மெய்யாகவே கெட்டிருக்கும். ரயர்களின் காற்றைக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, சிறிய பற்றரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ற்றளவில் காட்டினால் நிறைந்துள்ளது. 12க்குக் கீழிறங்கினால் சோர்ந்துள்ளது. சில வண்டிகளில் அது பின்பெட்டியிலும், சிலவற்றில் பின்னாசனத்தின் கீழும் இருக்கும். மின்சாரம் அற்றபோது கதவு திறவாதே என்று கலங்க வேண்டாம். தொலைத் திறப்பின் உள்ளே சாதாரண உலோகத் திறப்பொன்று செருகப்பட்டிருக்கும். பற்றரியை ஏற்றத்தக்க மின்னேற்றியால் மெதுவாக ஏற்றுவதே நன்று. ஆழமாக வற்றிய பழைய பற்றரி மீண்டும் சார்ஜை நெடுநேரம் தாங்காது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அந்த வண்டிக்கென்று குறித்த வகையையே வாங்குங்கள். பயணிகள் இருக்கும் பகுதிக்குள் வைக்கப்படும் பற்றரிக்கு, வாயுவை வெளியே கடத்தும் குழாய் இருத்தல் அவசியம்.

அவசரத்தில் வேறொரு வண்டியிலிருந்து வயர் தொடுப்பதானால், அந்த வண்டியும் 12 வோல்ற்று முறை உடையதாதல் வேண்டும். நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரு கணமேனும் மாற்றித் தொட்டுவிடலாகாது. பழைய வண்டியில் பியூஸோடு போகும் பிழை, இங்கே விலையுயர்ந்த மின்னணுக் கருவிகளையே எரித்துவிடும். எங்கே தொடுக்க வேண்டுமென்று வண்டியின் கைந்நூலில் படம் இருக்கும். அதைப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிவிட்டு இயக்குங்கள். முகப்பில் ‘ரெடி’ என்னும் விளக்கு எரிந்தால் வண்டி விழித்துவிட்டது. இயந்திர ஓசை கேளாததால் நிற்கின்றதென்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பற்றரி தாழ்ந்தவுடன் பெற்றோல் இயந்திரம் தானாகவே முழங்கத் தொடங்கும். மூடிய கொட்டகைக்குள் அவ்வாறு இயங்குமாயின், அதன் புகையிலுள்ள நச்சுவாயு நிறமும் மணமுமின்றி உயிரைக் குடிக்கும். ஆதலாலேதான் திறந்த வெளி என்றேன். கியர் நிறுத்தும் நிலையில், அதாவது ‘பி’ என்னும் எழுத்தில் இருக்கட்டும். ‘என்’ என்னும் நடுநிலையில் பெரிய பற்றரிக்கு மின்னேற்றம் நடைபெறாது.

நான்காவது, சிறிய பற்றரி நலமாக இருந்தும் ‘ரெடி’ எரியாது, எச்சரிக்கை விளக்குகளே எரிந்தால், அப்போதுதான் பெரிய பற்றரியை நினைக்க வேண்டும். டொயோட்டா வகைகளில் பெற்றோல் இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்குவதும் பெரிய பற்றரியே. தனித் தொடக்கி கிடையாது. அது முற்றாகத் தாழ்ந்தால் சிறிய பற்றரியால் உதவ இயலாது. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது இருக்கும் சிறிதையும் கரைத்துவிடும். இந்நிலையில், அதற்குரிய கருவியும் பயிற்சியும் உடைய திருத்தகத்தையே நாடுங்கள். கணினியிலுள்ள பிழைக்குறிகளை வாசிக்கச் செய்து, ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றளவையும் அளந்து காட்டுமாறு கேளுங்கள். அளக்காமல் தீர்ப்புக் கூறுபவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஓடும் தடித்த வயர்களைத் தொடாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. இவ்வயர்கள் சிலவற்றில் மோட்டருக்காக 500 வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்தப்பட்ட மின்சாரம் பாயும். பயிற்சி பெற்றவர்களே காப்புக் கையுறை அணிந்து, இணைப்பைக் கழற்றி, பத்து நிமிடமளவில் காத்திருந்த பின்னரே வேலையைத் தொடங்குவர். துணிவுக்கு இங்கே இடமில்லை.

ஐந்தாவது, புறப்பட்டவுடன் விரையாதீர்கள். வாவியின் ஈரமும் கடலின் உப்புக்காற்றும் பிறேக் தட்டுகளில் துருவை ஏற்றியிருக்கும். ஹைபிரிட் வண்டி வேகங்குறையும்போது மோட்டரே பெரும்பகுதி தடையைத் தந்துவிடுவதால், அத்துரு எளிதில் தேய்வதில்லை. வீட்டு வாசலிலேயே சில முறை மெல்ல நிறுத்திப் பார்த்த பின் வீதிக்கு வாருங்கள். சில மாதங்கள் நின்ற பெற்றோலில் புதியதைக் கலந்து ஓட்டலாம். ஆண்டு கடந்து வார்னிஷ் போன்று மணப்பதை வடித்தெடுப்பதே முறை. பின்னர் அரைமணி நேரமாவது இடைவிடாது ஓட்டுங்கள்.

வெள்ளத்தில் அமிழ்ந்த வண்டிக்கு நான் கூறிய எதுவும் பொருந்தாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த வெள்ளம் இன்னும் நம் நினைவில் உள்ளது. நீர் புகுந்த ஹைபிரிட் வண்டியின் பொத்தானைத் தொடவே வேண்டாம். இழுத்துச் சென்று, திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோரும், பிள்ளைகள் விட்டுச்சென்ற வண்டியைக் காவல் காக்கும் பெற்றோரும் நம் ஊர்களில் மிகுதி. அவர்களுக்கு ஒரு சொல். துணியால் மூடுவது மட்டும் பராமரிப்பு ஆகாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவையேனும் அரைமணி நேரம் ஓட்டினால் பெரிய பற்றரி தாழாது. சிறிய பற்றரிக்கு இன்னும் அடிக்கடி கவனம் வேண்டும். ஓட்ட ஆளில்லையெனில் அதன் இணைப்பைக் கழற்றி வையுங்கள். தொலைத் திறப்பை வண்டியினின்றும் தூரத்தில் வையுங்கள். கைப்பிறேக்கை இறுக்கி வைத்தால் பிடித்துக்கொள்ளும். சமதரையில் ‘பி’யில் நிறுத்திச் சில்லுக்குக் கட்டை கொடுங்கள். பெற்றோல் தாங்கியை நிரப்பி வையுங்கள். கச்சான் வெயில் படாத நிழலில் நிறுத்துங்கள். வெப்பம் பற்றரிகளின் பகை.

நேயர்களே, நான் கலைப் பட்டதாரி, வரலாறு கற்பித்தவன். காரணத்தை ஆராயாமல் முடிவு கூறலாகாது என்று மாணவர்க்குப் பல்லாண்டு போதித்தேன். என் வண்டி நின்ற அன்று அப்பாடத்தை நானே மறந்தேன். என் மாணவர் எனக்கு நினைவூட்டினார். சிறியதை முதலில் பாருங்கள்; அளந்து பாருங்கள்; பெரியதைப் பற்றிப் பின்னர் பேசுங்கள். அடுத்த மாத மருத்துவமனை நாளன்று என் தாயார் முன்னாசனத்தில் அமர்ந்தே சென்றார். அவ்வண்டி இன்றும் மண்முனைப் பாலத்தைக் கடந்து போய்வருகின்றது; அந்தப் பெரிய பற்றரி இன்னும் மாற்றப்படவில்லை.