பழைய கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கணக்காளர் பேசியது)



நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிடுச்சு. போன மாசம் தவணை ரசீதுக்காகக் காத்திருந்த ஒரு அக்கா கடைசி பஸ்ஸை விட்டுட்டாங்க. "பிராசசர், மெமரி ரெண்டையும் மாத்துங்க" என்கிறார் கடைக்காரர். செலவாகப்போவது நம் சந்தா பணம். யோசித்துச் செய்வோம்.

மெமரி என்பது வேலை செய்யும் மேசை மாதிரி. சின்ன மேசை என்றால் நோட்டை எடுப்பதிலும் வைப்பதிலுமே நேரம் போகும். நம்மிடம் இருப்பது 4 ஜிபி. இன்னொரு 4 ஜிபி சேர்க்கலாம். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 பொருந்தாது, பார்த்து வாங்கணும். ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகவே கூடும். பின்னால் புதுக் கம்ப்யூட்டருக்கும் அதை மாற்றிக்கொள்ளலாம்.

பிராசசர் அப்படி இல்லை. நம்முடையது இன்டெல் 4-ஆம் தலைமுறை. இன்றைய பிராசசர் இந்த மதர்போர்டில் உட்காராது. போர்டை மாத்தினா மெமரியும் மாத்தணும். செலவு புதுசு வாங்குற அளவுக்குப் போயிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும்.

என் யோசனை இதுதான்: மெமரி, எஸ்எஸ்டி மட்டும் போட்டு, இன்டர்நெட் இல்லாமல் கணக்குக்கு மட்டும் வைப்போம். பிராசசருக்கான பணத்தைப் புதுசு வாங்கச் சேர்ப்போம். பெட்டியைத் திறக்கும் முன் கணக்கு முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வைப்போம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கடைக்குப் போவோம்.