குடத்துக்கும் கணக்கு உண்டு, குழாய்க்கும் கணக்கு உண்டு

(தாராவியில் நடைபெற்ற சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை ஆறு மணிக்கு வைக்காமல் நான்கு மணிக்கு வைத்த காரணம் உங்களுக்கே தெரியும். ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் எத்தனை பெரிய தலைவர் வந்து பேசினாலும் கேட்க ஆள் இருக்காது. ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று கோடை வந்தால் எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். ஷவரை மூடுங்கள், காரைக் குழாய் வைத்துக் கழுவாதீர்கள், தோட்டத்துக்கு மாலையில் தண்ணீர் பாய்ச்சுங்கள் என்று பத்திரிகைகளில் பட்டியல் போடுகிறார்கள். நம் பத்தடிக் கோலியில் ஷவர் எங்கே இருக்கிறது? கார் எங்கே நிற்கிறது? தோட்டம் என்றால் டால்டா டப்பாவில் வைத்த துளசிச் செடி ஒன்றுதான். யாருக்கோ எழுதிய அறிவுரையை நம் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விஹார், துளசி, தான்சா, மோதக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா என்ற ஏழு நீர்நிலைகளிலிருந்து மும்பைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கோடி லிட்டர் தண்ணீர் வருகிறது. நகரத்தின் மக்கள் தொகையை ஒன்றரைக் கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 260 லிட்டர் விழுகிறது. ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் இதிலிருந்துதான் போகிறது என்பது உண்மை. கசிவிலும் திருட்டிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது என்பதும் பல முறை வெளிவந்த செய்தி. அப்படியே இருக்கட்டும். மாநகராட்சியின் அளவுகோல் என்ன சொல்கிறது? கட்டடத்தில் குடியிருப்பவருக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு 45 லிட்டர்.

இதைக் குடக் கணக்கில் சொல்கிறேன். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள நம் வீட்டுக்கு 15 குடம். எதிரே உயர்ந்து நிற்கும் கட்டடத்தில் அதே ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 45 குடம். அந்த 15 குடமும் ஒழுங்காக வருகிறதா என்பதைச் சந்துக் கடைசியில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். 2024 ஜூன் 5 முதல் நகரம் முழுவதற்கும் 10 விழுக்காடு வெட்டு என்றார்கள். பத்துக்கு ஒன்றுதானே என்று கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றும். குழாயில் அழுத்தம் குறைந்தால் மேட்டிலும் கடைசியிலும் இருப்பவருக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. முன் வீட்டுக்காரருக்கு ஒரு குடம் குறைந்தால் கடைசி வீட்டுக்காரருக்கு எல்லாக் குடமும் போய்விடும். வெட்டு எல்லோருக்கும் ஒன்று என்பது காகிதத்தில் மட்டும்தான்.

அப்படியானால் நாம் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று இங்கே ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தான்சாவும் பாட்சாவும் இருப்பது தாணே மாவட்டம் ஷகாபூர் தாலுகாவில். அங்குள்ள ஆதிவாசிப் பெண்கள் கோடையில் டேங்கர் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அணை அவர்கள் நிலத்தில், தண்ணீர் நம் நகரத்தில். 1972-இல் மராட்டியத்தில் கொடும் வறட்சி வந்தபோது கிராமத்து உழவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்தார்கள். 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயில் வண்டியில் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. நம்மில் பலரும், நம் பாட்டன் பூட்டனும், நெல்லைச் சீமையின் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்து ஊரைவிட்டு வந்த இரண்டு கூட்டமும் ஒரே குழாயடியில் நின்று மொழியைச் சொல்லி ஏசிக்கொள்வதைக் காணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ எடை. அதை இடுப்பில் தூக்குவது நீங்கள். நீங்கள் வேலைக்குப் போனால் உங்கள் மகள். வீட்டில் இரண்டு குடம் மிச்சப்பட்டால் அவளுக்கு இரண்டு நடை மிச்சம். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்வாள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். புதுத் தண்ணீர் வந்தவுடன் நேற்றுப் பிடித்ததைப் ‘பழசு’ என்று மோரியில் கொட்டுகிறோம். மூடி வைத்த நல்ல தண்ணீர் ஒரே இரவில் கெட்டுவிடாது. கொட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால் துணி ஊற வையுங்கள். குழாய் திறந்ததும் முதலில் கலங்கலாக வருவதைத் தனி வாளியில் பிடியுங்கள். தரை கழுவவும் கக்கூசுக்கு எடுத்துப் போகவும் அது போதும். துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரும் அப்படித்தான். சோப்புத் தூளைக் கைநிறையப் போட்டால் நுரை போவதற்கே மூன்று வாளி வேண்டும்; பாதித் தூள் போட்டு அரை மணி நேரம் கூடுதலாக ஊற வைத்தால் ஒரு வாளி குறையும். பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துப் போட்டுவிட்டு, ஒரு பேசினில் தேய்த்து இன்னொரு பேசினில் அலசுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி கரைப்பது நம் அம்மாக்களுக்குத் தெரிந்த வித்தைதான். காய்கறி கழுவியது துளசிக்கு.

குழாய் சொட்டினால் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். வாஷர் சில ரூபாய்தான். எவ்வளவு போகிறது என்று அறிய ஆசைப்பட்டால் ஓரிரவு அடியில் சொம்பு வைத்துப் பாருங்கள். அதன்பின் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதுதான் இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது. குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பொதுக் கக்கூஸ் வரிசைக்குப் பயந்தும், இருட்டுக்குப் பயந்தும், நம் பெண்கள் பகலெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓட்டுகிறார்கள். எல்லோரும் குடித்தபின் பானையில் மிஞ்சியதுதான் அம்மாவுக்கு என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இதனால் வருகின்றன. மாதவிலக்கு நாளில் கழுவுவதிலும், கக்கூஸ் போய்வந்தும் சமைக்குமுன்னும் கைகழுவுவதிலும், பேதியாகும் குழந்தைக்குக் கொடுப்பதிலும் கை சுருக்க வேண்டாம். இப்படி மிச்சம் பிடித்ததை டாக்டரிடம் பணமாகக் கொடுத்துவிடுவோம். அண்ணன்மார்களே, காலையில் குளிக்க நீங்கள் எடுக்கும் இரண்டாவது வாளியை விட்டுக் கொடுத்தால் இந்தக் குறை பாதி தீரும். யாரும் சிரிக்க வேண்டாம்.

குழாயில் நேரே மோட்டார் மாட்டி உறிஞ்சுவது நம் சந்துகளில் பெருகிவிட்டது. ஒருவர் மாட்டினால் பக்கத்து வீட்டுக்கு வராது, அவரும் மாட்டுவார். உறிஞ்சும்போது பைப்புக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. சாக்கடைக்குள் ஓடும் பைப்பில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுபடும். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் எந்த வீட்டில் மோட்டார் இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை. இதைச் சந்துக்குச் சந்து உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதிகாரி வந்து தீர்ப்பார் என்று காத்திருப்பது வீண்.

டிரம்மைப் பற்றி ஒரு சொல். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை, தண்ணீருக்கு மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைச் செலவழித்துத் தீர்த்துவிட்டு, உள்சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். மற்ற நாளில் துணி கட்டி மூட வேண்டும்.

இனி உரிமைக்கு வருகிறேன். 2014 டிசம்பர் 15 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: குடிநீர் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. 1.1.2000-க்குப் பின் போட்ட குடிசை என்பதற்காகத் தண்ணீரே தர முடியாது என்று சொல்ல இயலாது. பாதையோரம் பொதுக் குழாயாக இருக்கலாம், கட்டணம் கூடுதலாக இருக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மே மாதம் ‘எல்லோருக்கும் தண்ணீர்’ என்று மாநகராட்சி திட்டம் அறிவித்தது. ஒன்றை மறக்க வேண்டாம். குழாய் கிடைத்ததால் கோலி சட்டப்படியானது என்று ஆகிவிடாது. அந்தப் போராட்டம் தனி. ஆனால் இடத்துக்குப் பட்டா இல்லை என்று சொல்லி யாரும் குழாயை மறுக்கவும் கூடாது. இடையில் நின்று குடத்துக்கு இத்தனை ரூபாய் என்று விற்பவருக்கு இந்தச் சேதி கசக்கும்.

கூட்டு இணைப்பு கேட்பதற்குக் குறைந்தது ஐந்து குடும்பம் சேர வேண்டும். யார் யார் என்று இன்றே பேசிக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தை யார் வசூலிப்பது, யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள், பின்னால் சண்டை வராது. ரேஷன் அட்டை, ஆதார், மின்சார ரசீது ஆகியவற்றின் நகலோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை மராத்தியில் எழுதித் தர நம் பிள்ளைகள் இருப்பார்கள். பைப் உடைந்து ஓடினாலும் தண்ணீர் நாறினாலும் 1916-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள். மணி ஐந்தரை ஆகிவிட்டது. சந்துக் கடைசி வீட்டுக்காரர்கள் முதலில் கிளம்பலாம்.