குழந்தைகளின் பிரஜாவுரிமையும் பாஸ்போர்ட்டும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நம் சமூகத்தார் கடல் கடந்து செல்வது புதிதன்று. முன்னோர் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் இலங்கைக்கும் சென்று பொருளீட்டித் திரும்பினர். இக்காலத்தாரோ அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடியமர்ந்து, அந்நாட்டுப் பிரஜைகளாகவே ஆகிவிடுகின்றனர். அங்ஙனம் ஆன பெற்றோர், தாம் உடனழைத்துச் சென்ற குழந்தைக்குப் பாஸ்போர்ட்டு பெறும் வகை யாது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பாஸ்போர்ட்டு பிரஜாவுரிமையைத் தருவதன்று. முன்னரே உண்டான உரிமைக்கு அது சாட்சி மாத்திரமே. உரிமையைத் தருவது சட்டம். 2001 பிப்ரவரி 27 முதல் அமலிலுள்ள அமெரிக்கக் குழந்தைகள் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, பெற்றோருள் ஒருவரேனும் பிரஜையாயிருத்தல், குழந்தை 18 வயது நிரம்பாதிருத்தல், கிரீன் கார்டு என வழங்கும் நிரந்தர வாசவுரிமை பெற்றிருத்தல், பிரஜையான பெற்றோரின் பாதுகாப்பில் அந்நாட்டிலேயே உடன் வசித்தல் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த அக்கணமே குழந்தை பிரஜையாகிறது. அதற்குத் தனி விண்ணப்பமோ பிரமாணமோ வேண்டுவதில்லை.

ஆயினும் நம்மவர் வழக்கமொன்று இதற்கு இடையூறாகலாம். குழந்தையைப் பாட்டன் பாட்டியிடம் விட்டு ஊரிலே படிக்க வைப்போர் நம்முள் அநேகர். தந்தை பிரமாணம் செய்யும் நாளில் மகள் இங்கே வசிப்பாளாயின், உரிமை அன்று அவளைச் சேராது. நெடுங்காலம் அயலிருப்பின் நிரந்தர வாசவுரிமைக்கே பங்கம் நேரலாம். 18 வயது கடந்தபின் தந்தை பிரஜையாவாராயின், மகள் தன் பொருட்டுத் தானே விண்ணப்பித்தல் வேண்டும். ஆதலின் நாளெண்ணிச் செய்தல் பெற்றோர் கடமை.

எல்லா நாட்டிலும் இம்முறையே என்று கொள்ளற்க. பிரிட்டனில், தந்தை பிரஜையாவதனால் மட்டும் முன் பிறந்த குழந்தை பிரஜையாகாது. 18 வயதிற்குள் அதற்கெனத் தனியே விண்ணப்பித்துப் பதிவு செய்வித்த பின்னரே பாஸ்போர்ட்டு கோரலாம்.

இனி அமெரிக்க விண்ணப்பத்திற்கு வருவோம். 16 வயதிற்குட்பட்ட குழந்தையுடன் தாய் தந்தையர் இருவரும் நேரில் ஆஜராக வேண்டும். வர இயலாதவர் நோட்டரி முன் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம் அனுப்புதல் வேண்டும். பெற்றோரின் பிரஜாவுரிமைப் பத்திரம், குழந்தையின் கிரீன் கார்டு, ஜனனப் பத்திரம் ஆகியவை இன்றியமையாதன. இவ்வயதினர்க்குப் பாஸ்போர்ட்டு 5 ஆண்டுக்கே செல்லும். அதனுடன் பிரஜாவுரிமை அத்தாட்சிப் பத்திரமும் தனியே விண்ணப்பித்துப் பெறுதல் நன்று. அதற்குக் காலாவதி இல்லை.

இவற்றுள் ஜனனப் பத்திரமே நம்மவர்க்குப் பெருந்தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே மகனுக்குத் தலையெழுத்து. அயல்நாட்டுத் தஸ்தாவேஜுகளில் அது விரிந்து பின்பெயராகிறது. மகன் பெயரின் பின் தந்தை பெயரும், தந்தை பெயரின் பின் பாட்டன் பெயரும் நிற்றலின், இருவர்க்கும் பொதுவான பின்பெயர் இல்லை. இவர் மகன் இவன் என இணைத்துக் காட்டும் பாலம் ஜனனப் பத்திரம் ஒன்றே. அதில் தாய் தந்தையர் பெயர்கள் பிற பத்திரங்களிற் கண்டபடியே இருத்தல் வேண்டும். குழந்தைக்குப் பெயரிடுமுன்னரே பதிவு செய்து, பெயரில்லாப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்போரும் உளர். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டிற்குள் பெயரைச் சேர்க்கத் தமிழ்நாட்டு விதிகள் இடந்தருகின்றன. ஊரிலிருக்கும் பெரியோர் இன்றே இதனைச் சரிபார்ப்பின் பேருபகாரமாகும்.

ஒரு துண்டுக் காகிதத்திற்கு இத்தனை பேச்சா என்று எண்ணுவோர் இலங்கையை நினைத்தல் வேண்டும். 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அந்நாட்டிற் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டங்களில் தலைமுறையாய் உழைத்த தமிழ் மக்களுட் பலரிடம் அவ்வத்தாட்சி இல்லை. பல லட்சம் பேர் எந்நாட்டுக்கும் பிரஜையல்லாதவராயினர்.

முடிவாக நம் நாட்டுச் சட்டம். இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஒப்புவதில்லை. 1955ஆம் வருஷத்துச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, விரும்பி அயல்நாட்டுரிமை பெற்றவர் இந்தியப் பிரஜையாயிருத்தல் ஒழிகிறது. குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் தூதரகத்தில் ஒப்புவித்தல் வேண்டும். பின்னர் ஓ.ஸி.ஐ. அட்டை பெறலாம். அதனைக்கொண்டு வரலாம், தங்கலாம்; வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ இயலாது. பெற்றோர் அயல்நாட்டுப் பிரஜைகளானதால் இந்தியவுரிமை இழந்தவிடத்து, அவர்தம் பிள்ளைகள் வயது வந்தபின் 8ஆம் பிரிவின்கீழ் அதனை மீளக் கோர இயலாதென 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே சகோதரர்களே! பெற்றோர் இடும் ஒரு கையொப்பம், பேசவும் அறியாத பிள்ளையின் வாழ்நாள் முழுதையும் ஒரு நாட்டோடு பிணைத்து, மற்றொன்றிலிருந்து விலக்குகிறது. அதனைச் செய்யற்க என்பது என் கருத்தன்று; அறிந்து செய்க, காலத்திற் செய்க, பத்திரங்களைப் பேணிச் செய்க, பிள்ளைக்கு அறிவு வந்த காலத்து அதனை எடுத்துரைக்க என்பதே என் விண்ணப்பம்.