ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது?

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பிரான்சு நாட்டின் டிஜோன் நகரக் கல்விக் கழகம் 1753-ஆம் ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியை அறிவித்தது. மனிதரிடையே ஏற்றத்தாழ்வு எப்படித் தோன்றியது, இயற்கைச் சட்டம் அதை ஒப்புகிறதா என்பதே கேள்வி. மன்னரும் பிரபுக்களும் ஆண்டுகொண்டிருந்த நாட்டில் இப்படிக் கேட்பதற்கே துணிவு வேண்டும். ஜெனீவா நகரத்துக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகனான ழான் ழாக் ரூசோ விடை எழுதினார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. குருவானவர் ஒருவருக்குப் போயிற்று. அந்தப் பரிசுக் கட்டுரையை இன்று தேடிப் படிப்பவர் அரிது. ரூசோவின் கட்டுரையோ 1755-இல் நூலாக வந்து இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

அதற்கு நூறாண்டுக்கு முன், 1651-இல், இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். உள்நாட்டுப் போரின் கொடுமையை அறிந்தவர் அவர். அடக்கி ஆள ஓர் அரசு இல்லையேல் ஒவ்வொருவனும் மற்றவனுக்குப் பகைவனே என்றார். ரூசோ இதை மறுத்தார். நாகரிக மனிதனின் பேராசையையும் செருக்கையும் ஆதி மனிதன் தலையில் ஏற்றிவிட்டீர் என்பது அவர் வாதம். ஆதி மனிதனுக்கு இருந்தவை தன்னைக் காத்துக்கொள்ளும் விருப்பமும், பிற உயிர் துன்புறக் காணச் சகியாத இரக்கமுமே.

பின் கேடு எங்கே புகுந்தது? நிலத்துக்கு முதன்முதல் வேலியிட்டவனையே ரூசோ குற்றஞ்சாட்டினார் என்பார்கள். சரிதான், ஆனால் சுற்றி நின்றவர்கள் நம்பியதால்தானே அந்த வேலி நிலைத்தது? அதற்கும் முந்திய ஒரு காட்சியை அவர் காட்டுகிறார். குடிசைகளின் முன்னே, பெரியதொரு மரத்தடியில், ஆடிப்பாட மக்கள் கூடுகிறார்கள். ஒருவன் நன்றாகப் பாடுகிறான்; ஒருத்தி அழகாயிருக்கிறாள்; ஒருவன் பலசாலி. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கிறார்கள். தம்மையும் பிறர் பார்த்து மெச்சவேண்டுமென விரும்புகிறார்கள். ஏற்றத்தாழ்வின் முதற்படி அங்கேதான் என்கிறார். ஒரு பக்கம் செருக்கும் இகழ்ச்சியும். மறுபக்கம் வெட்கமும் பொறாமையும். உயரமும் குட்டையும் இயற்கை தந்தவை. உயரமானவன் மேலானவன் என்பது நாம் தந்தது.

பிறகு இரும்பும் உழவும் வந்தன. ஒருவனுக்கு மற்றவன் உழைப்பு தேவைப்பட்டது, நிலம் பங்காயிற்று. எல்லாரையும் காக்கச் சட்டம் செய்வோம் என்று செல்வர் அழைத்தனர், ஏழைகளும் ஒப்பினர். அந்தச் சட்டம் காத்ததோ ஏற்கெனவே வளைக்கப்பட்டிருந்த நிலத்தை!

இது நடந்த வரலாறு அன்று, ஊகமே என்று ரூசோவே சொல்லிவிட்டார். மனிதன் தொடக்கமுதலே கூட்டமாக வாழ்ந்தவன் என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. ஆகவே தனியே திரிந்த அவருடைய காட்டு மனிதனை நான் நம்பவில்லை. மரத்தடிக் கூட்டத்தை நம்புகிறேன். நாலு காலில் நடக்க ஆசை வருகிறது என்று வோல்த்தேர் கேலி செய்தாரே, அது நியாயமன்று. காட்டுக்குத் திரும்புங்கள் என்று ரூசோ சொல்லவேயில்லை.

ஐந்தாம் நூற்றாண்டிலேயே நமது புனித அகுஸ்தினார், கடவுள் மனிதனுக்கு விலங்குகள்மேல் ஆட்சி தந்தாரேயன்றி மனிதர்மேல் அல்ல என்று எழுதினார். இதில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். ஆனால் அகுஸ்தினார் காயம் மனிதனின் உள்ளத்தில் இருக்கிறது என்றார்; ரூசோ அது வெளியிலிருந்து, சமூகத்திலிருந்து வந்தது என்றார்.

யார் சொன்னது சரி? ரூசோவின் வாழ்க்கையையே கேட்டுப் பார்க்கலாம். இரக்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிட்டார். காரணத்தையும் பின்னர்த் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். அந்நாளில் அவர் உணவருந்திவந்த இடத்தில் நண்பர்கள் கூடிப் பேசுவார்களாம். அந்த இல்லத்துக்கு அதிகமாகக் குழந்தைகளை அனுப்பியவன் எவனோ, அவனுக்கே அங்கே பாராட்டு. அதைப் பார்த்துத்தான் தாமும் துணிந்ததாகச் சொல்கிறார்.